ஒரே கருமருந்து, நாட்டுக்கொரு விலை ஏன்?

சென்ற மாதம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு பகுதியில், படிப்பகத்தில், "விலை என்றால் என்ன?" என்ற பொருளில் வகுப்பு நடத்தப் போயிருந்தோம். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பருத்தி விலை, நூல் விலை, துணி விலை என்று சொல்லிக்கொண்டு வந்தோம். ரிங் பிரேமில் வேலை செய்யும் தோழர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"தோழர், எம் பையன் செல்போன்ல ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில வெள்ளைக்காரங்க, நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி, குழாய் வாய்ல மருந்தைப் போட்டு, குச்சியால இடிச்சு, குறி பாத்துச் சுடறாங்க. பொழுதுபோக்காம். அந்த மருந்து வெலை ஏறிப்போச்சுன்னு பொலம்பறாங்க. ஒரு நாட்டுல ஒரு வெலை, இன்னொரு நாட்டுல இன்னொரு வெலையாம். மருந்து ஒண்ணுதானே? அப்புறம் வெலை மட்டும் ஏன் மாறுது?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "எல்லாம் கொள்ளைதான் தோழர், வேறென்ன?" என்று மற்றொருவர் பதில் சொல்லி விஷயத்தை முடித்துவிடப் பார்த்தார். நாம் முடிக்க விடவில்லை. கேள்வி நல்ல கேள்வி. "எல்லாம் கொள்ளை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டால், கொள்ளை எங்கே நடக்கிறது, எவ்வளவு நடக்கிறது, கொள்ளை அல்லாதது எது என்பதெல்லாம் மறைந்து போகும். அது கொள்ளைக்காரனுக்குத்தான் சௌகரியம். அன்று நேரமின்மையால் பாதியில் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

கருமருந்து என்பது என்ன? சிவகாசிப் பக்கத்தில் கரிமருந்து என்பார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றுதான். முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம்தான் மற்ற இரண்டும். இந்த மூன்றையும் நம் வாசகர்கள் கையால் தொட்டிருக்கிறார்கள். மாமரம் பூப்பெடுக்கத் தெளிக்கிறோமே, சொட்டுநீர்க் குழாயில் கலந்து விடும் 13-0-45 மூட்டை வருகிறதே, அந்தப் பொட்டாசியம் நைட்ரேட்தான் வெடியுப்பு. மிளகாய்க்கும் திராட்சைக்கும் சாம்பல் நோய் வந்தால் அடிக்கிறோமே, அதுதான் கந்தகம். கரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த மூன்றில் எதற்கும் இன்று உலகில் பஞ்சம் இல்லை. சந்தை விலையும் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவதில்லை.

அமெரிக்காவில் இந்த மருந்து கடையில் பவுண்டு ஒன்று இருபது முப்பது டாலர் என்ற கணக்கில் விற்கிறது. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின் எடை; கிரெயின் என்பது அவர்கள் அளவு. ஒரு வேட்டுக்கு 70 கிரெயின் என்றால் பவுண்டுக்கு நூறு வேட்டு. இந்தியானா மாநிலத்தில் பிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் 1930களிலிருந்து இப்படிச் சுடுகிறவர்கள் கூடிப் போட்டி நடத்துகிறார்கள். உள்நாட்டுப் போர் உடுப்பைப் போட்டுக்கொண்டு பழைய சண்டையைத் திரும்ப நடித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் நம்மைப் போல உழைத்துத் தின்கிறவர்கள்தான்: லாரி ஓட்டுகிறவர், தச்சு வேலை செய்கிறவர், ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி. அவர்களுடைய பொழுதுபோக்கைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. நம்மில் எத்தனை பேர் சேவல் வளர்க்கிறோம்!

மூலப்பொருள் விலை ஒன்றே என்றால் வித்தியாசம் வேறெங்கோ இருக்க வேண்டும். எங்கே?

முதலில் உழைப்பைப் பார்ப்போம். மூன்றையும் வெறுமனே கலந்துவிட்டால் துப்பாக்கி மருந்து ஆகாது. பல டன் எடையுள்ள கனத்த உருளைகளின் கீழே, ஈரப்பதத்தோடு, மணிக்கணக்கில் அரைபட வேண்டும், பிறகு அழுத்த வேண்டும், உடைக்க வேண்டும், சலித்துப் பொடி வேறு, குருணை வேறு எனப் பிரிக்க வேண்டும், மெருகு ஏற்ற வேண்டும், உலர்த்த வேண்டும். இந்த முறை இருநூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொறி போதும். ஆகவே கருமருந்து ஆலை என்பது மற்ற ஆலைகளைப் போல ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கொட்டகை. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவே காலி நிலம், மண்மேடு. ஒவ்வொன்றிலும் மிகச் சிலரே இருக்கலாம். நூறு ஏக்கர் வளைத்துப் போட்டுப் பத்துப் பேர் வேலை செய்கிற ஆலையில் பவுண்டுக்கு என்ன அடக்கமாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் டெலாவேர் மாநிலத்தில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில், 1802ல் டூபாண்ட் குடும்பம் மருந்து ஆலை தொடங்கியது. நிறுவனர் பிரான்சிலிருந்து வந்தவர். லவாஸியே என்ற பெரும் விஞ்ஞானியிடம் தொழில் கற்றவர். அந்த ஆலைக் கட்டிடங்களை இன்றும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கொட்டகைக்கும் மூன்று பக்கம் கனத்த கருங்கல் சுவர். ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கம் மட்டும் லேசான மரப்பலகை, கூரையும் லேசானது. ஏன் இப்படி? மருந்து வெடித்தால் பக்கத்துக் கொட்டகை பாதுகாப்பாக இருக்க வேண்டும்; வெடிப்பின் வேகம் பலகையைப் பிய்த்துக்கொண்டு ஆற்றின் மேல் போய்விட வேண்டும். உள்ளே இருந்த ஆளும் அதோடு போய்விடுவான். அங்கே வேலை செய்த ஐரிஷ் தொழிலாளர்கள், ஒருவன் செத்தால் "செத்தான்" என்று சொல்ல மாட்டார்களாம். "ஆற்றைத் தாண்டிப் போனான்" என்பார்களாம். 1818ல் ஒரே வெடிப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் ஆற்றைத் தாண்டினார்கள். 1921ல் அந்த ஆலை மூடப்படும் வரை மொத்தம் இருநூறுக்கும் மேல்.

சுவர் எந்தப் பக்கம் கனம், எந்தப் பக்கம் லேசு என்பதை முடிவு செய்தவன் எதைக் காப்பாற்ற நினைத்தான் என்பது கண்கூடு. ஆனால் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும்: முதலாளி வீட்டாரும் செத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்து லமாட் டூபாண்ட் 1884ல் நியூஜெர்ஸி டைனமைட் ஆலையில் வெடிப்பில் மாண்டார். விதவைகளுக்கு வீடும் பென்ஷனும் கொடுத்தார்கள். அந்த நாளில் எந்தப் பஞ்சாலை முதலாளியும் கொடுக்காதது. கொடுக்காவிட்டால் அந்த ஆலைக்கு ஆள் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

அடுத்தது ஏகபோகம். 1872ல் அமெரிக்காவின் பெரிய மருந்துக் கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. நாம் அமைக்கும் சங்கம் அல்ல. விலையை ஒன்றுசேர்ந்து நிர்ணயம் செய்யும் சங்கம். மேலே சொன்ன லமாட் டூபாண்ட்தான் அதன் முதல் தலைவர். யார் எந்தப் பகுதியில் விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று தமக்குள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சங்கத்தில் சேராத சிறிய ஆலை எதிர்த்து நின்றால், அதன் வட்டாரத்தில் மட்டும் விலையை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். அது திவாலானதும் வாங்கிப் போடுவார்கள். பிறகு விலை பழைய இடத்துக்கு ஏறிவிடும். அப்போது நாட்டுக்கு நாடு போக வேண்டியதில்லை. ஒரே நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் விலை மாறியது. மருந்தில் எந்த மாற்றமும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இது நடந்தது. 1907ல் அமெரிக்க சர்க்கார் வழக்குத் தொடுத்தது. 1912ல் கோர்ட்டு டூபாண்டைப் பிளந்து ஹெர்குலஸ், அட்லஸ் என்று இரண்டு புதுக் கம்பெனிகளை உண்டாக்கியது. ஆனால் ராணுவத்துக்கு வேண்டிய புகையில்லா மருந்து மட்டும் டூபாண்ட் கையிலேயே விடப்பட்டது. இரண்டு வருஷத்தில் முதல் உலகப் போர் வந்தது. யாருக்கு லாபம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் ஏகபோகம் வேறு உருவில் இருந்தது. பிரான்சில் 1775 முதல் மருந்து உற்பத்தி சர்க்கார் நிர்வாகத்தில். லவாஸியே அதன் நிர்வாகிகளில் ஒருவர். ஸ்விட்சர்லாந்தில் 1848ஆம் ஆண்டு அரசியல் சட்டமே மருந்து உற்பத்தியையும் விற்பனையையும் மத்திய அரசின் உரிமையாக எழுதி வைத்தது. அந்த நாட்டில் ஓபோன் என்ற ஊரில் உள்ள பழைய மருந்து ஆலை இன்றும் ஓடுகிறது. குறிபார்த்துச் சுடுகிறவர்கள் அந்தச் சரக்கைத்தான் முதல் தரம் என்று மெச்சுகிறார்கள். அதற்கு என்ன விசேஷம்? கரிக்கு இன்ன மரம்தான் வேண்டும் என்று தேர்ந்து எடுக்கிறார்கள், நெடுநேரம் அரைக்கிறார்கள், குருணையைச் சீராகப் பிரிக்கிறார்கள். சுருங்கச் சொன்னால், அதிக உழைப்பு. அதற்கு அதிக விலை என்பது நியாயமே. இதையும் "கொள்ளை" என்று ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

இங்கே நம் தேசம் எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. இன்று வெடியுப்பு ரசாயன ஆலையில் தயாராகிறது. இருநூறு முன்னூறு வருஷத்துக்கு முன் உலகத்தின் நல்ல வெடியுப்பு பீகாரிலிருந்து போயிற்று. சரண், சம்பாரண், திர்ஹூட் பகுதிகளில் மாட்டுத் தொழுவத்து மண்ணிலும் பழைய மண்சுவரிலும் மழைக்குப் பின் வெள்ளையாகப் பூக்கும் உப்பை நோனியா என்ற ஜாதி மக்கள் சுரண்டி எடுத்து, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். கம்பெனியின் தரகன் முன்பணம் கொடுப்பான். முன்பணம் வாங்கியவன் கதி என்ன என்பது விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவன் சொன்ன விலைக்கே, அவன் பிடித்த தராசிலேயே சரக்கைப் போட வேண்டும். பிளாசிக்கு மறுவருஷம், 1758ல், மீர் ஜாபரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பீகார் வெடியுப்பு ஏகபோகத்தையே வாங்கிக்கொண்டது. அதற்கு முன் பாட்னாவில் டச்சுக்காரனும் வாங்கினான், பிரெஞ்சுக்காரனும் வாங்கினான். நோனியாவுக்கு இவனில்லாவிட்டால் அவன் என்று போக வழி இருந்தது. அதற்குப் பின் ஒரே வாசல்.

அந்த ஒரே வாசலின் பலன் உலகத்தின் மறுகோடியில் 1861ல் தெரிந்தது. அமெரிக்காவில் அடிமை முறையைக் காக்க நினைத்த தெற்கு மாநிலங்கள் பிரிந்து போக, உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கு சர்க்காரிடம் மருந்து செய்ய வெடியுப்பு போதவில்லை. லமாட் டூபாண்டை ரகசியமாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே கிடங்குகளில் கிடந்த 2,000 டன்னுக்கும் அதிகமான வெடியுப்பை வளைத்து வாங்கிவிட்டார். இந்த மண்ணிலிருந்து போன சரக்குத்தான். அந்த நேரம் பார்த்து, டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை வடக்குக் கடற்படை வழிமறித்து, அதிலிருந்த தெற்குத் தூதர்கள் இருவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் உடனே ஏற்றுமதியைத் தடை செய்தது. பணம் கொடுத்து வாங்கிய சரக்கு லண்டனிலேயே கிடந்தது. தூதர்களை விடுவித்த பிறகே, 1862 ஜனவரியில் தடை நீங்கியது. அந்தச் சில வாரங்களில் அமெரிக்காவில் வெடியுப்புக்கு என்ன விலை? விலை என்ற பேச்சுக்கே இடமில்லை, இருந்தால்தானே விலை! சுரண்டி எடுத்த நோனியாவின் கூலி அந்த வாரங்களில் ஒரு காசாவது ஏறியிருக்குமா?

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம்.

புகையில்லா மருந்து வந்த பிறகு கருமருந்தின் தேவை சுருங்கிப் போயிற்று. சுரங்கத்தில் டைனமைட்டும் பிறகு வேறு ரசாயனங்களும் வந்தன. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அமெரிக்காவில் கடைசியில் ஒரே ஒரு பெரிய ஆலைதான் மிஞ்சியது. டூபாண்டே 1970களின் தொடக்கத்தில் அதை விற்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. ஆலை பென்சில்வேனியாவிலிருந்து பிற்பாடு லூசியானாவுக்கு, மிண்டன் அருகே பழைய ராணுவத் தளவாட நிலத்துக்குப் போயிற்று. அதன் சரக்கின் பெயர் கோயெக்ஸ். அதை வாங்குகிறவர்கள் பொழுதுபோக்குக்காரர் மட்டும் அல்ல. பீரங்கிக் குண்டின் முதல் பற்றவைப்புக்கு இன்றும் கருமருந்து வேண்டும், ஆகவே அமெரிக்க ராணுவமும் வாடிக்கை. 2021 ஜூனில் அந்த ஆலையில் ஒரு வெடிப்பு. செப்டம்பரில் ஆலையை மூடப்போவதாக உரிமையாளரான ஹாட்ஜ்டன் கம்பெனி அறிவித்தது. அறிவிப்பு வந்ததும் கடை அலமாரிகள் காலியாயின. ஏற்கனவே வாங்கி வைத்திருந்தவன் கேட்ட விலை விலையாயிற்று. நம் ஊரில் மண்ணெண்ணெய் நின்றுபோகும் என்று வதந்தி கிளம்பிய நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2022ல் அந்த ஆலையை வாங்கியது யார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள் பறக்கவிடும் விளையாட்டு ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் கம்பெனியின் குழுமம். அந்தச் சின்ன ராக்கெட்டின் உள்ளே இருப்பதும் கருமருந்துதான். மருந்து நின்றால் தன் ராக்கெட்டும் நிற்கும் என்று ஆலையையே வாங்கிவிட்டது. உலகத்திலேயே ராணுவத்துக்கு மிக அதிகமாகச் செலவழிக்கிற நாடு, தனக்கு வேண்டிய ஒரு மருந்தின் உற்பத்தி தொடருமா என்பதை இப்படி ஒரு விளையாட்டுச் சாமான் வியாபாரியின் கணக்குக்கு விட்டு வைத்திருந்தது. சுதந்திரச் சந்தை என்று இதற்குப் பெயர்.

பிரிட்டனின் கதை இன்னும் விசித்திரம். ஒரு காலத்தில் உலகுக்கே மருந்து விற்ற தேசம். இன்று அங்கே கருமருந்து ஆலை இல்லை. ஜெர்மனியிலிருந்தும் ஸ்விட்சர்லாந்திலிருந்தும் இறக்குமதி ஆகிறது. வெடிபொருள் என்பதால் எல்லாக் கப்பலும் ஏற்றாது, எல்லாத் துறைமுகமும் இறக்காது, பிரயாணிகள் விமானத்தில் தொடவே கூடாது. 2021 முதல் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேறியதால் எல்லையில் புதிய காகித வேலை வேறு. வாங்குகிறவர் போலீஸிடமிருந்து சர்ட்டிபிகேட் பெற வேண்டும். வீட்டில் தடுப்பறை வைத்த மரப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஜெர்மனியில் மருந்து ஆலை உள்நாட்டிலேயே, கூனிகுண்டே என்ற ஊரில் இருக்கிறது. ஆனால் வாங்க நினைப்பவர் வகுப்பில் சேர்ந்து பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவிலோ பழைய மாதிரித் துப்பாக்கிக்கென்றால் ஒருவர் 50 பவுண்டு வரை மத்திய லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்று 1970களில் சட்டத்தில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் இருக்கிற இடத்தில் வாங்குவோர் குறைவு. வாங்குவோர் குறைந்தால் விற்கும் கடை குறைவு. நாலு கடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கடை என்றால் அவன் சொன்னதே விலை.

வரியையும் மறக்கக்கூடாது. பிரிட்டனில் நூற்றுக்கு 20, ஜெர்மனியில் 19 மதிப்புக்கூட்டு வரி விலைச்சீட்டிலேயே அடங்கியிருக்கும். அமெரிக்காவில் விலைச்சீட்டு ஒன்று. கல்லாவில் மாநில வரியைச் சேர்த்துக் கேட்பது வேறொன்று. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இங்கே மலிவு, அங்கே கிராக்கி" என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தபாலில் வரவழைத்தால் அமெரிக்காவில் பெட்டிக்கு இவ்வளவு என்று அபாயச் சரக்குக் கட்டணம் தனி. பெட்டிக்குள் ஒரு பவுண்டு இருந்தாலும் கட்டணம் அதுவே. பல பவுண்டு இருந்தாலும் அதுவே. ஆகவே அங்குள்ள சுடும் சங்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்துப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கூட்டுறவைப் பற்றிக் காரசாரமாகத் திட்டுகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். கட்டணம் அவர்களைக் கூட்டுறவுக்காரராக்கிவிட்டது!

இந்த இடத்தில்தான் நாம் அந்தப் பொழுதுபோக்குக்காரர்களோடு மாறுபடுகிறோம். அவர்களில் பலர் சொல்வது இது: "சர்க்கார் விதிகள்தான் விலையை ஏற்றுகின்றன. விதியைத் தளர்த்து, விலை இறங்கும்." பாதி உண்மை. விதிக்கு விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த விதிகள் எப்படி வந்தன? 1874 அக்டோபரில் லண்டனில் ரீஜண்ட் கால்வாயில் ஐந்து டன் கருமருந்து ஏற்றிய படகு விடியற்காலையில் பாலத்தின் கீழ் வெடித்தது. படகோட்டிகள் மாண்டார்கள், பாலம் போயிற்று, சுற்றுவட்டாரத்து வீடுகள் சேதமாயின. அதற்கு மறுவருஷம், 1875ல், பிரிட்டிஷ் வெடிபொருள் சட்டம் வந்தது. அதைப் பார்த்து இந்தியாவுக்கு எழுதியதுதான் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம். அது இன்றும் நம் தலைமேல் இருக்கிறது. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இத்தனை மீட்டர், ஓர் அறையில் இத்தனை பேர் என்ற கணக்கெல்லாம் யாரோ ஆபீஸர் பொழுதுபோகாமல் எழுதியது அல்ல.

விதியைத் தளர்த்தினால் விலை தானாக இறங்கும் என்பதற்கும் சாட்சியம் இல்லை. 1970களில் அமெரிக்காவில் கருமருந்துக்குப் பதிலாக வேறு கலவை ஒன்று கண்டுபிடித்தார்கள். அபாயம் குறைந்த வகை என்று பதிவானதால், கருமருந்துக்குரிய கடும் விதிகள் அதற்கில்லை. சாதாரணக் கடையில் வைக்கலாம், எளிதாக அனுப்பலாம். (கண்டுபிடித்தவர் 1977ல் தம் ஆலை வெடித்து இறந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) விதிச் செலவு குறைந்ததே, விலை குறைந்ததா? இன்று அந்த மாதிரிப் பதிலி மருந்துகளில் சில கருமருந்தைவிட அதிக விலைக்கு விற்கின்றன. மிச்சமான காசு வாங்குகிறவர் பைக்குப் போகவில்லை.

இந்த வாதத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று வாசகர்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசு ஆலைகளில், நம் சங்கத் தோழர்கள் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கேட்கும் பாட்டு இதுதான். "ஓர் அறையில் நாலு பேர் என்று கட்டுப்படுத்தினால் கட்டுபடி ஆகாது. விலை ஏறும். வெளிச்சரக்கு உள்ளே வந்துவிடும். உங்கள் ஆட்களுக்குத்தான் வேலை போகும்." நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர், மர நிழலில் மருந்து செலுத்துதல், லைசென்ஸ் ஒருவர் பெயரில், கொட்டகைகள் பலருக்கு உள்குத்தகை. 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் கருகினார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். கர்ப்பிணிப் பெண்ணும் அதில் உண்டு. அதே 2021ல்தான் லூசியானா ஆலையும் வெடித்தது. அங்கே ஆலையை மூடினார்கள், உலகம் முழுதும் விலை பேச்சாயிற்று. இங்கே அந்தத் தீபாவளிக்கும் பட்டாசு வந்தது. சரத்தின் விலை ஏறியதாக நமக்குத் தெரியவில்லை.

ஆக, ஒரு பவுண்டு மருந்தின் விலையைப் பிரித்துப் பார்த்தால் அதில் உப்பும் கந்தகமும் கரியும் ஒரு சிறு பங்கு. உழைப்பு ஒரு பங்கு. காலி நிலமும் கனத்த சுவரும், அதாவது உழைக்கிறவன் உயிரோடு வீடு திரும்புவதற்கான செலவு, ஒரு பங்கு. கப்பலும் காகிதமும் வரியும் ஒரு பங்கு. போட்டி இல்லாத இடத்தில் ஒருவனே நின்று கேட்பது மற்றொரு பங்கு. நாட்டுக்கு நாடு மாறுவது பெரும்பாலும் கடைசி மூன்றும்தான். ஆனால் "விலையைக் குறை" என்ற கூச்சல் எழும்போதெல்லாம் முதலாளி முதலில் கைவைக்கப் பார்ப்பது நடுவில் உள்ள இரண்டில்: கூலியில், சுவரில்.

கூலி ஏறினால் விலை ஏறிவிடும், ஆகவே கூலி கேட்பது வீண் என்று தொழிலாளர் பக்கமே நின்று பேசியவர் வெஸ்டன் என்பவர். 1865ல் அகிலத்தின் பொதுச்சபையில் மார்க்ஸ் அவருக்கு எழுந்து பதில் சொன்னார். அந்தப் பேச்சுத்தான் பிற்பாடு "கூலி, விலை, லாபம்" என்று சிறு புத்தகமாக வந்தது. படிப்பகத்து அலமாரியில் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கிறது என்று எடுக்காமல் விட்டிருக்கிறோம். கூலி ஏறினால் முதலில் குறைவது லாபம் என்பது அங்கே கணக்குப் போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. பாதுகாப்புச் செலவுக்கும் அதே கணக்குப் பொருந்தும் என்பது எமது அபிப்பிராயம். பட்டாசு ஆலை முதலாளிகள் தங்கள் கணக்குப் புத்தகத்தைப் பேச்சுவார்த்தை மேஜையில் விரித்து வைத்து, நாலு பேர் விதியை நடத்தினால் பெட்டிக்கு எத்தனை பைசா ஏறும் என்று காட்டட்டும். இதுவரை ஒருவரும் காட்டவில்லை.

இந்த வார வகுப்பில் இவ்வளவையும் சொல்லி முடித்தோம். கேள்வி கேட்ட ரிங் பிரேம் தோழர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து சென்ற தீபாவளிக்கு வாங்கிய ஒரு பட்டாசுப் பெட்டியின் காலி அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு விலை அச்சடித்திருந்தது. "இதுக்கு நூத்துக்கு எம்பது தள்ளுபடின்னு சொல்லி அஞ்சில ஒரு பங்குக்குக் குடுத்தான் தோழர். அச்சடிச்ச வெலை பொய்னு ஆயிப்போச்சு. அந்த அஞ்சில ஒரு பங்குலயும் லாபம் வச்சுத்தானே வித்திருப்பான்? அதுல கருந்திரி சுத்தின பொம்பளைக்கு எவ்வளவு போச்சு?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஆலையின் பெயர் இருந்தது, எடை இருந்தது, எச்சரிக்கை வாசகம் இருந்தது. அது மட்டும் இல்லை. அடுத்த வாரம் சிவகாசியிலிருந்து சங்கத் தோழர் ஒருவரை வரவழைத்து, பீஸ் ரேட்டுக் கணக்கோடு உட்கார்வது என்று தீர்மானித்திருக்கிறோம். சனிக்கிழமை மாலை 6 மணி. இரவு ஷிப்டுக்காரர்கள் 8 மணிக்குப் போய்விடலாம்.